‘விடு’ என்று சொல்லாத மைதானம்

என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் தலைவர் அவர்களே, ஆறிய தேநீரானாலும் அன்போடு தந்த சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, வேலைக் களைப்போடு வந்து, பிள்ளையை மடியிலும் பையைக் காலடியிலும் வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே, வில்லைத் தோளிலிருந்து இறக்க மனமில்லாத தம்பிகளே, தங்கைகளே, அனைவரையும் வணங்குகிறேன்.

‘வில் பயிற்சியால் உடலும் உள்ளமும் பெறும் பயன்கள்’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. செயலாளர் சொல்லியும் கொடுத்தார்: தோள் திரளும், முதுகு நிமிரும், மூச்சு சீராகும், மனம் ஒருமைப்படும். அத்தனையும் உண்மை. ஆனால் ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக் காலர் தைக்கிற எனக்குத் தைத்துக் காட்டாமல் துணியைப் புகழத் தெரியாது. ஆகவே ஒரு கையின் கதையைச் சொல்கிறேன். என் அண்ணனுடைய கை. அவர் சம்மதித்துத்தான் சொல்கிறேன். வாசல் பக்கம் நிற்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார்.

என் அண்ணனும் என் கணவரும் உயர்ந்த கட்டடங்களுக்கு வண்ணம் பூசியவர்கள். ஒரே சாரத்தில் தொங்குவார்கள், ஒரே வாளியில் தூரிகை தோய்ப்பார்கள், ஒருவர் பாடினால் மற்றவர் திட்டுவார். ஒரு மதியம் சாரத்தின் கயிறு அறுந்தது. அண்ணன் இடக்கையால் ஜன்னல் கம்பியைப் பற்றினார். வலக்கையால் என் கணவரின் மணிக்கட்டைப் பற்றினார். ஆட்கள் மாடியேறி வந்தபோது அந்த வலக்கையில் யாரும் இல்லை.

அன்று மூடிய கை, பிறகு திறக்கவில்லை. பொத்தான் போட முடியாது. தலை வார முடியாது. என் அண்ணி ஊட்டினால்தான் சாப்பாடு. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், “எலும்பு நரம்பு எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. கைதான் இன்னும் எதையோ பிடிச்சிட்டு இருக்கு” என்றார். ஊர் வாய் சும்மா இருக்குமா? “பிடிச்ச கையை விட்டுட்டானே” என்றது. என் காதுபடவே என்றது. அண்ணன் மறுத்தாரா? இல்லை. அழுதாரா? இல்லை. அந்தப் பழியை அப்படியே வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி கொடுத்த பெண்தான் இந்த மைதானத்தைக் காட்டினார். மூடிய விரலுக்கும் வில் இடம் கொடுக்கும். நாணில் மூன்று விரலை மாட்டி இழுத்தால் போதும். அண்ணன் இழுத்தார். தோள் விரிந்தது, முதுகு இறுகியது, நாண் தாடையைத் தொட்டது. பின்னால் நின்ற பயிற்சியாளர், எல்லோருக்கும் சொல்வதைப் போலவே சொன்னார்: “விடு.”

அண்ணன் விடவில்லை. நாணைப் பிடித்தபடியே மண்டியிட்டார். மெல்ல ஒரு குரல் வந்தது. “விடமாட்டேன் மாப்பிள்ளை.”

அம்பு எய்யும் கோட்டுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்த எனக்கு அது கேட்டது. ‘மாப்பிள்ளை’ என்று அவர் அழைத்தது உலகத்தில் ஒரே ஒருவரை. என் கணவரை.

அன்றே பயிற்சியாளர் கட்டளையிட்டார், இனி இங்கே யாரும் ‘விடு’ என்று சொல்லக் கூடாது என்று. சொல்லாமல் இருப்பது சுலபமா, சபையோரே? மூச்சை என்ன செய்யச் சொல்வது? நம் மொழியில் எந்த வினைக்கும் அந்தச் சொல் வாலாக ஒட்டிக்கொண்டு வருகிறதே. வந்துவிடு, தந்துவிடு, வைத்துவிடு. அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். செயலாளர் ஒரு வாரம் வாயைத் திறக்கவே பயந்தார். கடைசியில் ‘போகட்டும்’ என்ற சொல் நிலைத்தது. இங்கே வரும் வெளியூர் வீரர்கள் இந்தச் சொல்லைக் கேட்டு வியப்பது அதனால்தான்.

பல மாதம் அண்ணன் நாணை இழுப்பார், மெல்லத் திரும்பக் கொண்டுவருவார். ஒரு மாலை பயிற்சியாளர் அருகில் வந்து சொன்னார்: “விரலைத் திறக்காதீங்க அண்ணே. திறந்தா அம்பு கோணும். முதுகு இழுத்துட்டே இருக்கட்டும். விரல் பிடிக்கிறதை மட்டும் நிறுத்துங்க. போகட்டும்.”

போனது. இலக்கில் பட்டதா என்கிறீர்களா? பக்கத்துப் புல்லில் விழுந்தது. யார் பார்த்தார்கள் அம்பை? நான் கையைப் பார்த்தேன். அது விரிந்திருந்தது. உள்ளங்கையில் நகம் பதிந்த தழும்புகள். பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அண்ணன், அந்தத் தழும்புகளைப் பார்த்தபடியே பேசினார்.

“கம்பி சுவத்துலேர்ந்து பேர்ந்துட்டு வந்துச்சு. அவன் பார்த்துட்டான். ‘விடு மச்சான், ரெண்டு பேரும் போயிருவோம்’னான். நான் விடலை. அவன் என் கையைப் பிடிச்சிருந்தான்ல, அந்த விரலைத் திறந்துட்டான். ஒரு பிடி மட்டும் எப்படி நிக்கும்? கையெல்லாம் பெயிண்ட் ஈரம்.”

“ஊரே உன்னைப் பேசிச்சே அண்ணே. ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ அவன்மேல கோபப்படுவ. செத்தவன்கிட்ட சண்டை போட முடியாது. என்கிட்டன்னா போடலாம்.”

தாய்மார்களே, அவர் சொன்னது சரிதான். எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படித் திறந்தாய் அந்த விரலை என்று, கட்டிலில் உட்கார்ந்து என் கணவரைத் திட்டினேன். இன்றும் திட்டுகிறேன். திட்டித் தீர்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை ஒரு சொட்டு வரவில்லை.

பயன்கள் கேட்டீர்கள். உடலுக்கு: என் அண்ணன் தன் கையால் சாப்பிடுகிறார். உள்ளத்துக்கு: அவர் பேசினார், நான் அழுதேன். அதற்குமேல் வில்லால் ஆகாது. போனவரை அது திருப்பித் தராது. தரும் என்று எவராவது இந்த மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மூடிய கையோடு உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், நாளைக் காலை அழைத்து வாருங்கள். நாணைக் கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

கேட்ட செவிகளுக்கும், கலங்கிய கண்களுக்கும், கடிகாரத்தை மறந்த தலைவருக்கும் என் நன்றி. வணக்கம்.