கதவைச் சாத்த இறங்கியவர்

பழைய சொகுசுக் கார்களின் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி திடீரென்று கெடுவதில்லை. பல மாதங்களுக்கு முன்பே முனகத் தொடங்கிவிடும். காது கொடுக்கத்தான் ஆளிருக்காது. இருபத்தாறு ஆண்டுகளாக என் தொழில் அப்படிக் காது கொடுப்பது.

பெரியோர்களே, தாய்மார்களே, ஓர் அநீதிக்குச் சாட்சியாக உங்களை அழைக்கிறேன். என்னோடு மேட்டுத் தெரு வரை நடந்து வந்து, அங்குள்ள ஒரு மாளிகையின் இரும்புக் கதவைப் பாருங்கள். இரண்டாள் உயரம், இரட்டைக் கதவு. நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு ஓர் ஓட்டுநர் அதைத் திறப்பார். காரைச் சரிவில் ஏற்றி, பின்புறம் கதவைப் பார்த்திருக்கத் தெரு விளிம்பில் நிறுத்துவார். மறுபடி இறங்கி, காருக்குப் பின்னால் நடந்து, இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்துவார். நாற்பது வயதும் நிரம்பாத, கைகால் நன்றாக உள்ள முதலாளி பின்னிருக்கையில் அமர்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஒரு மனிதனின் சோம்பலுக்காக இன்னொரு மனிதனின் முழங்கால் தேய வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? ஏழு ஆண்டுகளாக மேடைதோறும் நான் கேட்ட கேள்வி இதுதான். ஓட்டுநர் உரிமை மன்றத்தைத் தொடங்கியவன் நான். அதன் துண்டறிக்கைகள் அத்தனையும் என் கைப்பட எழுதியவை.

அந்த ஓட்டுநர் என் தங்கையின் கணவர்.

கடைசியாக நாங்கள் போட்ட கூட்டத்திற்குப் பதினொரு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் உச்சக் கட்டத்தை நெருங்கிக் குரலை உயர்த்திய நேரத்தில் அவர் கையைத் தூக்கினார்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசுனா மைக்கே கொட்டாவி விடுது. கதவ சாத்துறதெல்லாம் ஒரு அடிமைத்தனமா? வீட்டுல உங்க தங்கச்சியும் என்னைத்தான் சாத்தச் சொல்றா. மொதல்ல அவளுக்கு எதிரா ஒரு கூட்டம் போடுங்க."

பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதைக் குறிப்பிடுவது வரலாறு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே. பின்னால் நடந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஒன்பது நாள் கழித்து அவர் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது வண்டி உதறுகிறது, தன் காப்பி சட்டையில் சிந்துகிறது என்பது முதலாளியின் புகார். மாப்பிள்ளையின் புகார் வேறு. அதை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கியர பார்க்ல போட்டு எறங்குறேன் மச்சான். ரெண்டு தடவ தானா பின்னாடி நகந்துச்சு. மொதலாளிகிட்ட சொன்னேன், உனக்குத்தான் வயசாகுதுன்னுட்டார்."

"எப்போ நகந்துச்சு? சூடா இருக்கும்போதா?"

"ஆமா. அவர் ஏறுறதுக்கு முன்னாடி உள்ளே ஜில்லுன்னு இருக்கணும், அரைமணி நேரம் இன்ஜின ஓட விடுறோம்ல. அதுக்கப்புறம்தான்."

நல்ல ஓட்டுநர், தேவையான தகவலைத் தேவையான அளவில் தந்தார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் வேலையைத் தொடங்கினேன். கியர் பெட்டியின் அளவுக் கம்பியை உருவி ஆயிலை முகர்ந்தேன். தீய்ந்த வாடை, கருத்த நிறம். டிரைவுக்குத் தள்ளினால் இரண்டு நொடி தாமதித்து ஓர் இடியுடன் பிடித்தது. உதறலுக்குக் காரணம் அதுவே. பிறகு இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, பின்னால் ஆளில்லாததைப் பார்த்துக்கொண்டு, வண்டியை அசையாமல் பூட்ட வேண்டிய பார்க்கில் தள்ளி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துக் காத்திருந்தேன். நான்காவது நிமிடம் கார் லேசாக நடுங்கி, ரிவர்ஸ் பிடித்து, ஒரு முழம் பின்னால் போயிற்று.

அடியில் படுத்துப் பார்த்தேன். கியர் கம்பியையும் பெட்டியையும் இணைக்கும் பிளாஸ்டிக் வளையம், கட்டைவிரல் நகம் அளவே உள்ளது, தேய்ந்து தளர்ந்திருந்தது. மேலே கைப்பிடி பார்க்கில் நிற்கும். கீழே பெட்டியோ பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் இடையில் நிற்கும். ஆயில் சூடேறியதும் சிறு அதிர்வு போதும். புது வளையம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. மாற்றுவது நாற்பது நிமிட வேலை.

நான் ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றினேன். மிகுந்த அக்கறையோடு மாற்றினேன். மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"வெண்ணெய் மாதிரி போகுது மச்சான். அந்த நகர்றது?"

"பழைய ஆயிலோட கோளாறு மாப்பிள்ளை. போயிடுச்சு."

"இருந்தாலும் பார்க்கிங் பிரேக்க ஒரு மிதி மிதிச்சுட்டே எறங்குறேன். மிதிச்சா முட்டி உயிர் போகுது, என்ன பண்ண."

"முட்டிய ஏன் கெடுத்துக்கிறீங்க? பார்க்ல போட்டா மலை உச்சியிலும் நிக்கும்."

அவர் என் தோளைத் தட்டினார். "மேடைய விட்டுட்டா நீங்க தங்கம் மச்சான்."

அது புதன்கிழமை. அடுத்த நாளிலிருந்து ஒன்பது மணிக்கு அந்தக் கதவுக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். வியாழன் கார் அசையவில்லை. வெள்ளியும் அசையவில்லை. என் கணிப்பு பிசகிவிட்டதோ என்று, தொழில் தெரிந்தவனுக்கு வரக்கூடிய வருத்தம் எனக்கும் வந்தது. சனிக்கிழமை மாப்பிள்ளை ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றதை இழுத்துக்கொண்டிருந்தார். கார் லேசாக நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். முதலாளி தலை நிமிராமலே, "பாத்துப்பா, காப்பி" என்றார்.

நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாம் என்கிறார் காவல் ஆய்வாளர். நான் பேசினால் மைக்கே கொட்டாவி விடும் என்று சொன்னவர் மாப்பிள்ளைதான்.

இரங்கல் கூட்டத்திற்கு இரண்டாயிரம் பேர் திரண்டார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். ஒருவர்கூட இடத்தைவிட்டு அசையவில்லை. என் துண்டறிக்கை கைக்குக் கை போயிற்று. "நம் தோழர் காருக்கும் கதவுக்கும் இடையில் நசுங்கி மாண்டார்" என்பது அதன் முதல் வரி. நான் எழுதியவற்றிலேயே சிறந்த வரி அது. அறிக்கையின் அடியில், எல்லா அச்சகங்களும் போடுவதுபோல், அச்சிட்ட நாள் இருந்தது: வியாழக்கிழமை. அதை முதலில் கவனித்தவள் என் தங்கை. எழுத்துக்கூட்டிப் படிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

ஆம், தெரிந்தே செய்தேன். வளையத்தை மாற்றாமல் விட்டேன். பிரேக்கை மிதிக்காதே என்றேன். எதிரே நின்று பார்த்தேன். ஆய்வாளர் கேட்டவை எல்லாவற்றுக்கும் இதே பதிலைத் தந்து கையெழுத்திட்டிருக்கிறேன். இப்போது அந்த மாளிகையின் கதவுக்கு மோட்டார் பொருத்திவிட்டார்கள். யாரும் இறங்க வேண்டியதில்லை. ஏழு ஆண்டுப் பேச்சு சாதிக்காததை ஒரு வளையம் சாதித்தது. மாப்பிள்ளைக்கு நான் கெடுதல் செய்தேன் என்போர், அவர் உயிரோடு இருந்து எதைச் சாதித்தார் என்று சொல்லட்டும்.

ஆனால் அதே தெருவில் இன்னும் முப்பத்தெட்டுக் கதவுகள் கையால் சாத்தப்படுகின்றன. தோழர்களே, எழுந்திருங்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொரு கதவின் முன்பும் ஒருவர் நில்லுங்கள். திரும்பும் வழியில் என் தங்கை வீட்டுக்கும் போங்கள். அவள் கணவர் வீணாகச் சாகவில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்கு அவள் கதவைத் திறப்பாள். கைதாவதற்கு முன் மூன்று முறை போய்த் தட்டினேன், உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் ஓசைதான் கேட்டது. என்மீது அவளுக்கு அப்படி என்ன கோபம் என்று மட்டும் கேட்டு, எனக்கு எழுதி அனுப்புங்கள்.