ஒரே யானைக்குள்

பழங்காநத்தத்தில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. காரணம், திருநகர் பேருந்தில் முன் இருக்கைப் பெண் தன் தோழியிடம் சொன்னதுதான்:

"எங்க வீட்டுக்காரரும் எங்க அண்ணனும் இப்ப ஒரே யானைக்குள்ள இருக்காகக்கா."

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லையேடி?"

"ஆமா. பாப்பா காதுகுத்துக்கு நேர்ல வந்து அழைக்கலன்னு அண்ணன் கோவிச்சுக்கிட்டாரு. தாய்மாமன் மடியில்லாமத்தான் குத்துனோம்."

"பெறகு யானை எங்கிட்டு வந்துச்சு?"

"எங்க தெரு மன்றத்துல யாரு போனாலும் சும்மாவே படம், பாட்டு, நாடகம்னு சொல்லிக்குடுக்குறாகல்ல. அங்க ஞாயித்துக்கிழமை போடுற நாடகத்துக்கு, யாருக்கு என்ன வேஷம்னு சீட்டுக் குலுக்குனாக. யானை வேஷத்துல இவருக்கு முன்னங்காலு, அண்ணனுக்குப் பின்னங்காலு."

"பேசாம எப்படி நடப்பாக?"

"மொத நாளு யானை குப்புற விழுந்துச்சு. இப்ப துணிக்குள்ள 'இடது காலு மச்சான்', 'சரி மாப்ள'ன்னு ஒரே பேச்சு. துணிய எடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாக."

"ஞாயித்துக்கிழமையோட நாடகம் முடிஞ்சிருமே?"

"அடுத்த நாடகத்துல ஒட்டகம் வருதுக்கா."

"சீட்டு வேற யாருக்காச்சும் விழுந்துட்டா?"

திருநகர் வந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சீட்டுக் குலுக்கி எடுத்துக் குடுக்குறதே நாந்தானக்கா."