மார்ல்விக் ஊரின் வரலாறு

ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் தோட்டம் செய்வார்கள். நான் இங்கிலாந்தில் உள்ள மார்ல்விக் என்ற சின்ன ஊரின் வரலாற்றைத் தமிழில் எழுதினேன். எண்ணூறு பேர், ஒரு கம்பளி ஆலை, ஒரு பங்குக் கோயில். கனடா வருவதற்கு முன் இரண்டு வருடம் அங்கே இருந்தவன் நான். ஸ்காபரோவில் யார் இதை வாசிப்பார்கள் என்று மனைவி யோகராணி சிரித்தாள். விசாரணைக்காகவேனும் அதிகாரி நீங்கள் முழுதாக வாசித்திருக்கிறீர்கள், நன்றி.

வெளியீட்டு விழா அஜின்கோர்ட்டில் நடந்தது. முன்வரிசையில் ஒரு வயதான பெண் புத்தக அட்டையில் பஸ்ரியன் என்ற என் பெயரைத் தடவிக்கொண்டே இருந்தார். பெயர் செலீன். போன வருடம்தான் மகளிடம் வந்தவராம். விழா முடிந்ததும் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

“என்ர தம்பி கடைசியாக் கடிதம் போட்டது உந்த ஊரிலயிருந்துதான், எண்பத்தொன்பதில. அவன்ர பேரும் பஸ்ரியன்தான். அவன்தானாக்கும் எண்டு ஓடி வந்தனான். நீங்கள் அவனை அங்க காணேல்லையோ, தம்பி?”

“இல்லை அக்கா,” என்றேன்.

பொய். ஆலைக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். அவனுக்குக் கனடா விசா வந்திருந்தது. என்னைத் திருப்பி அனுப்பப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. கனடாப் பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் அவனுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. புத்தகத்தின் வரைபடத்தில் டொக்டர் வீட்டைக் குறித்திருக்கிறேன். எங்கள் வாசலிலிருந்து எண்பது அடி.

“டொக்டரைக் கூப்பிடடா, மூச்செடுக்கேலாமக் கிடக்கு” என்று மூன்று நாள் கேட்டான். வருகிறார் என்று மூன்று நாளும் சொன்னேன். நான் கூப்பிடவே இல்லை.

இறந்தவன் பெயர் இரத்தினவேல் என்று பாதிரியாரிடம் சொன்னேன். அது என் பெயர். இருவருக்கும் ஒரே மாதிரி மீசை. விமான நிலையத்தில் அவனுடைய கடவுச்சீட்டுப் படத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நான் பஸ்ரியன். அந்தக் கோயிலின் கல்லறைகள் எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதினேன், அந்த ஒன்றைத் தவிர. ஆனால் அவனுக்காகத்தான் எழுதினேன். அவனை நினைத்து அழாத நத்தார்ப் பண்டிகை எனக்கு இல்லை.

செலீன் அக்கா புத்தகத்தை நீட்டினார். “அவன்ர பேரிலயாவது ஒருக்காக் கையெழுத்துப் போட்டுத் தாங்கோ.”

‘அன்பு அக்காவுக்கு, தம்பி பஸ்ரியன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதை முத்தமிட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

அவருடைய மகள் தன் மாமாவின் பழைய படத்தோடு உங்களிடம் வந்ததில் எனக்குக் கோபமில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: இத்தனை வருடம் காத்திருந்த அந்த மனுசிக்குத் தம்பியின் கையால் ஒரு வரி கிடைத்தது என்னால்தான்.