பூமிகாவின் ஸ்பூன்

பூமிகாவுக்குக் குழைந்த ரசம் சாதம்தான் இறங்கும் மேடம். சாம்பார் என்றால் துப்பிவிடுவாள். எங்கள் மையத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பெயர் சாராள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சிறப்புக் குழந்தைகள் மையத்தில் பதினோரு வருஷமாக உதவியாளர். உதவியாளர் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு நான் ஆயா. சிப்காட் கம்பெனிகளில் தரை கூட்டுகிறவளுக்குக்கூடக் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. எனக்கு அதுவும் இல்லை. வருஷா வருஷம் மார்ச் மாதம் அதிகாரி வருவார். தானாகச் சாப்பிட முடியாத பிள்ளை ஒன்றாவது இருந்தால் எனக்கு இன்னொரு வருஷம் வேலை. இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்படி எங்களிடம் இருந்தது பூமிகா ஒருத்திதான். ஒன்பது வயது, பேச்சு வராது, கை விறைப்பு. அந்தக் கையில் ஸ்பூனை வைத்து, என் கையால் மூடி, வாய்வரை கொண்டுபோக மூன்று வருஷம் பழக்கினேன். போன ஜனவரியில் தானே எடுத்துச் சாப்பிட்டாள். நான் அழுதேவிட்டேன். திலகவதி டீச்சர் போட்டோ எடுத்து, தன் பயிற்சி என்று மேலே அனுப்பினார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா சாராளு, அதான் தானே சாப்புட்டுக்கினு கீதே. இனிமே ஒனக்கு இங்க இன்னா வேலை?"

பீ மூத்திரம் அள்ளியவள் நான், பேர் வாங்கினவள் அவள், வேலை போவது எனக்கு. யாருக்குத்தான் ஆத்திரம் வராது, சொல்லுங்கள்.

அதனால் சொல்லிக்கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். டீச்சர் சாப்பிடப் போனதும் ஸ்பூனைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு வைப்பேன். பிள்ளை அதற்குக் கை நீட்டினால், சூட்டோடு எடுத்து உதட்டில் வைப்பேன். பிறகு கையால் ஊட்டிவிடுவேன். ஒரு அடி அடித்ததில்லை. எட்டு நாள் போதுமாயிருந்தது.

அவள் அம்மா சுமலதா மட்டும் ஒரு நாள் கேட்டாள். "இன்னாக்கா, ஒதடெல்லாம் கொப்பளிச்சிக்கினு கீது?"

"வெயில் சூடும்மா. எளநி குடு," என்றேன்.

மார்ச்சில் அதிகாரி ஸ்பூனை நீட்டினார். பூமிகா இரண்டு கையையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு, என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். 'உதவியாளர் அவசியம்' என்று எழுதினார். இத்தனை வருஷத்தில் என்னை உதவியாளர் என்று ஒரு காகிதத்தில் யாரோ எழுதியது அதுதான் முதல் தடவை.

இப்போது வீட்டிலும் ஸ்பூனைக் கண்டால் அலறுகிறாளாம். சுமலதா உங்களிடம் புகார் கொடுத்ததும் அதனால்தான். செய்தது நான்தான் மேடம், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னை நிறுத்தும் முன்னால் ஒன்றை யோசியுங்கள். என் கையைத் தவிர யார் கையிலும் அவள் இப்போது சாப்பிடுவதில்லை. பெற்றவள் ஊட்டினால்கூட வாய் திறப்பதில்லை. என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?