மகாராணி கோழிக்குக் கம்பு வைத்த அத்தியாயம்

சின்னுசாமி: "...ஆகவே, நாமக்கல் மாவட்ட வாசகப் பெருமக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு! நம் உயிரினும் மேலான சரித்திர நாவலைத் திரைப்படம் என்ற பெயரில் குதறிப் போட்டவர்களைக் கண்டித்து, இன்று மாலை ஐந்து மணிக்கு, வாசகர் வட்டத்தின் மாண்புமிகு தலைவர் சின்னுசாமி..." எப்படி இருக்குது, சௌந்திரம்?

சௌந்திரம்: மாண்புமிகுன்னு நீங்களே போட்டுக்கலாமுங்களா?

சின்னுசாமி: இருவத்திரண்டு வருசத் தலைவன் புள்ள! நான் போடாம எவன் போடுவான்? கேளு... "குறிப்பாக, மகாராணி கோபித்துக்கொண்டு தாய்வீடு போகும் ஈடு இணையற்ற அத்தியாயத்தை அடியோடு வெட்டியிருக்கிறார்கள்..."

சௌந்திரம்: அது... அதை ஏனுங்க இழுக்கறீங்க? யானைச் சண்டை சரியில்லீன்னு எழுதுங்க.

சின்னுசாமி: யானையை எவன் வேணா எழுதுவான்! அத்தனை கோபத்துலயும் அரண்மனைக் கோழிக்குக் கம்பு வெச்சுப்போட்டுப் போறா பாரு... அதுதான் மண்ணின் எதார்த்தம்! எத்தனை கல்யாணத்துல பேசியிருக்கறேன்!

சௌந்திரம்: பதினாறு கல்யாணமுங்க. எல்லாத்துலயும் நானும் உக்காந்திருந்தேன்.

சின்னுசாமி: "மன்னா, ஒரு நாளாவது நீயே உலை வைத்துப் பார்!"... அடடா, இன்னிக்கும் தொண்டை அடைக்குது.

சௌந்திரம்: தொண்டை அடைக்குது, சரி. நீங்க ஒரு நாளும் உலை வெக்கலீங்களே.

சின்னுசாமி: அது இலக்கியம் புள்ள, ஊட்டுக்குள்ள கொண்டு வராதே! இந்த அறிவழகன் இருக்கறாரே, காலேஜ் வாத்தியாரு... போன் பண்ணுனாரு. நாலு பதிப்புலயும் தேடிப் பாத்தாராம். அப்படியொரு அத்தியாயமே இல்லையாம்!

சௌந்திரம்: ...நாலுலயுமா தேடுனாரு?

சின்னுசாமி: "மேடையில காட்டறேன். காட்டலீன்னா தலைவர் பதவியை அங்கயே உட்டுப்போடறேன்"னு சொல்லிட்டேன்.

சௌந்திரம்: ஐயோ சாமி... உங்களுக்கு ஏனுங்க இத்தனை அவசரம்?

சின்னுசாமி: என்ன பயம்? நம்ம பைண்டு இருக்குதில்ல! உங்கப்பா வாராவாரம் பத்திரிகையில கிழிச்சு எடுத்து, பைண்டு பண்ணி, கல்யாணச் சீரோட குடுத்தது. அதை எடு.

சௌந்திரம்: அது... கரையான் அரிச்சுப்போச்சுங்க.

சின்னுசாமி: இரும்பு பீரோவுலயா?

சௌந்திரம்: ...இந்தக் காலத்துக் கரையானுங்க.

சின்னுசாமி: வெளையாடாதே! மணி நாலாகுது.

சௌந்திரம்: அந்த அத்தியாயம் அச்சுல இல்லீங்களே. கையில எழுதி வெச்சதுதானுங்களே...

சின்னுசாமி: அதுதானே சாட்சி! அந்த ஒரு வாரத்துப் பத்திரிகை உங்கப்பாவுக்குக் கெடைக்கல. "லைப்ரரிக்குப் போயி, உட்டுப்போனதைப் பாத்து எழுதிட்டு வா"ன்னு கல்யாணமான புதுசுல நாந்தானே உன்னைய அனுப்புனேன்! முத்து முத்தா எழுதிக் குடுத்தே. அப்பறம் வந்த பதிப்புல எவனோ வெட்டிப்போட்டான். சதி! நீயே மேடையேறிச் சொல்லோணும்.

சௌந்திரம்: நான் வல்லீங்க.

சின்னுசாமி: ஏன்?

சௌந்திரம்: அன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?

சின்னுசாமி: முப்பது வருசத்துக்கு முந்தியா?

சௌந்திரம்: கொழம்புல உப்பு இல்லீன்னு தட்டத்தைத் தள்ளிப்போட்டு லாரிப் பட்டறைக்குப் போனீங்க. நான் கோழிக்குக் கம்பு வெச்சுப்போட்டு, மோகனூர் பஸ்ஸேறி எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டேன்.

சின்னுசாமி: கோழிக்கு... கம்பா?... நீ போனது எனக்குத் தெரியாதே!

சௌந்திரம்: தெரியாதுங்க. பொழுது சாயற வரைக்கும் பாத்தேன், ஆரும் தேடி வல்லீங்க. எழுதி முடிச்சேன், நானே திரும்பி வந்துட்டேன்.

சின்னுசாமி: ஆனா மன்னன் தேடி வந்தானே! மாமியார் ஊட்டு வாசல்ல நின்னு கண்ணீர் உட்டானே!

சௌந்திரம்: வரோணும்னு எழுதுனேனுங்க.

சின்னுசாமி: அப்ப... லைப்ரரியில பாத்து எழுதுனது?

சௌந்திரம்: அன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. லைப்ரரி லீவு.