பட்டியலில் செயலாளர் பெயர்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர். ஒருவர் லேத் பட்டறைக்காரர், சிறுதொழில் சங்கச் செயலாளர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. மற்றவர் மாம்பழ வியாபாரி.

“பாய், சங்கத்துல கஷ்டப்படறவங்களுக்கு உதவி குடுக்கற பட்டியல்ல இந்த வருசம் எம் பேரை நானே எழுதிட்டேன்.”

“வெளையாடாதீங்கண்ணா.”

“பட்டறைக்காக வீட்டை பேங்குல அடமானம் வெச்சேன். கம்பெனிக்காரன் ஆர்டரை நிறுத்திட்டான். பேங்குல வட்டியையும் ஏத்திட்டாங்க. போன வாரம் கதவுல ஏல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்க.”

பாய் அவர் பக்கம் திரும்பி, “கூட்டத்துல பட்டியலைப் படிச்சாங்களா?” என்றார்.

“நேத்து நான்தான் படிச்சேன். எம் பேரு வந்தப்ப, அதே பேருல வேற யாரோன்னு நெனச்சு, மத்த பேருங்களுக்குத் தட்டுன மாதிரியே எல்லாரும் கைதட்டுனாங்க.”

“நீங்க சொல்லலையா?”

“நானும் சேர்ந்து தட்டுனேன் பாய்.”