செம்பு விட்டுப்போன இடம்

அடிக்கொரு முறை கடிகாரத்தைப் பார்த்தாலும் முகம் கோணாமல் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே, உலையின் அனலில் உடல் வாடியும் உள்ளம் வாடாத உழைப்பாளர்களே, முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியோடு முறுவலிக்கும் பெரியவர்களே, பெற்ற தாய்மார்களே, பெறாமலே தாயானவர்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். உலோக ஆய்வுக்கூடத்து மேடையில் எனக்கென்ன வேலை? இன்று நீங்கள் பாராட்டும் பெண் என் பேத்தி. அந்தத் தகுதி போதாதா? தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், கை வலித்தால் நான் பொறுப்பு!

செம்புத் தகட்டையும் நிக்கல் தகட்டையும் பளபளவெனத் தேய்த்து, முகத்தோடு முகம் வைத்து இறுக்கி, உலைக்குள் வைப்பது அவள் வேலை.

"உருகி ஒட்டிக்குமாடி?" என்று கேட்டேன்.

"உருகவே கூடாது பாட்டி. உருகுறதுக்கு முன்னாடியே சூட்டை நிறுத்திப் பிடிக்கணும். அப்ப செம்போட அணு நிக்கலுக்குள்ள போகும், நிக்கலோடது செம்புக்குள்ள வரும்."

"இவ்வளவு கெட்டியா இருக்கே, எப்படிடி போகும்?"

"சூட்டுல அதுங்களுக்கு இருப்புக் கொள்ளாது. காலி இடமாப் பார்த்து நகர்ந்து நகர்ந்து போயிடும்."

கேட்டீர்களா? கல்லாய்க் கிடக்கும் உலோகத்துக்குள் காலடி ஓசையில்லாமல் ஒரு பயணம்!

என் வீட்டிலும் இரண்டு உலோகங்கள் இருந்தன. பேத்தி சின்னஞ்சிறு வயதில் தாயை இழந்தாள். பிறகு என் மகனைக் கைப்பிடித்து வந்தாள் ஒரு தையற்காரி. மெஷினை மிதித்தபடியே பாடுவாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். முதல் வாரமே பிள்ளை போய்ச் சொன்னது: "இங்க பாடாதீங்க. எங்க அம்மாதான் பாடுவாங்க."

நிறுத்தியவள் நிறுத்தியவள்தான். தலை பின்னிவிட்டாள், காய்ச்சலில் கண்விழித்தாள், சீருடை தைத்தாள். பிள்ளையோ "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே வளர்ந்து, வேலைக்கும் போய்விட்டது. "அம்மா" என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்காமலே கண்மூடிவிடுவேனோ என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்!

சென்ற மாதம், இணைந்த துண்டை வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள் பேத்தி. செம்புப் பக்கத்தில் பொடிப்பொடியாக ஓட்டைகள்! பதறிப்போனவளைப் பார்த்து மேலதிகாரி அம்மையார் சிரித்தாராம்.

"நீ தப்பு பண்ணலைம்மா. செம்பு வேகமாப் போகும், நிக்கல் மெதுவாத்தான் வரும். போனது நிறைய, வந்தது கொஞ்சம். செம்பு விட்டுப்போன இடந்தான் ஓட்டையா நிக்குது."

"மூட முடியாதா மேடம்?"

"சூட்டோட சூடா அழுத்திப் பிடி. மூடிக்கும்."

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மெஷின் முன்னால் குனிந்திருந்த என் மருமகளின் முதுகையே பார்த்து நின்றாள்.

"என்ன கண்ணு, பசிக்குதா?" என்றாள் மருமகள், திரும்பாமலே.

பேத்தியோ ஓடிப்போய்ப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஐயையோ, ஊசி, ஊசி! கையில ஏறிடப்போகுது, விடுடி!"

"விட மாட்டேன். நீ பாடும்மா."

அம்மா! வந்துவிட்டதய்யா அந்தச் சொல்! ஊசி நின்றது, உலகம் நின்றது, என் மூச்சே ஒரு நொடி நின்றது! யாரோ ஒரு வாடிக்கையாளரின் சட்டைக் கை கோணிப்போனது தனிக் கதை. என்ன தம்பி, பாடினாளா என்கிறீர்களா? பாடினாள். குரல் துருப்பிடித்திருந்தது, இரண்டாம் அடி மறந்திருந்தது. பேத்தி மட்டும் பிடியைத் தளர்த்தவில்லை.

அவையோரே, உங்கள் வீட்டிலும் முந்திக்கொண்டு தன்னைக் கொடுத்தவர் ஒருவர் இருப்பார். இன்று போய் அவர் பக்கம் பாருங்கள். சூடு இருக்கும்போதே அழுத்திப் பிடியுங்கள்!

மூன்றாம் வரிசையில் கைக்குட்டைக்குள் முகம் புதைத்திருக்கும் என் மருமகளே, மேடைக்கு வா. எனக்குத் தந்த இந்தப் பூங்கொத்து உனக்கு. நான் பேசியது போதும். மிச்சத்தை நீ பாடு.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்!